லெகோ ஜுராசிக் வேர்ல்டு: ஒரே நகைச்சுவைக்கு ஏன் இத்தனை மாறுபட்ட எதிர்வினைகள்?

கேள்வி: மாடவீதி

2015 ஜூன் 12 அன்று, டைனோசர் பூங்காவைப் பற்றிய திரைப்படத் தொடரின் நான்காம் படமான ‘ஜுராசிக் வேர்ல்டு’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அதே நாளில், அந்தத் தொடரில் அதுவரை வந்திருந்த நான்கு படங்களையும் ஒரே வீடியோ கேமாகத் தொகுத்த ‘லெகோ ஜுராசிக் வேர்ல்டு’ அங்கே விற்பனைக்கு வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த டிடி கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட இந்த விளையாட்டில், 1993, 1997, 2001, 2015 ஆகிய ஆண்டுகளின் படங்கள் லெகோ என்னும் பிளாஸ்டிக் கட்டைப் பொம்மைகளின் கோமாளிக் கூத்தாக மறுபடியும் நடித்துக் காட்டப்படுகின்றன. அண்மையில்தான் இதை முழுமையாக ஆடி முடித்தேன். அதன் பிறகு, வெளியான காலத்து விமர்சனங்களையும் ஆடியவர்கள் எழுதிய கருத்துகளையும் தேடித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை.

ஒருவர் விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதும் அதே காட்சியை, இன்னொருவர் தன் இளமைக்கால நினைவுக்கு இழைத்த அவமதிப்பு என்கிறார். மூலப் படத்தை நேசிப்பவர்கள் விளையாட்டை வெறுக்கிறார்கள், மற்றவர்கள் ரசிக்கிறார்கள் என்று இதை எளிதாகப் பிரித்துவிடவும் முடியவில்லை. படத்தை உயிராக நேசிப்பவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். குறிப்பாக, படத்தின் ஒலித்தடத்திலிருந்தே நடிகர்களின் குரல்களை எடுத்துப் பொம்மைகளின் வாயில் வைத்திருப்பதைப் பற்றிய கருத்துகள் நேரெதிரானவை. அதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்போரும் உண்டு. அதுவே நகைச்சுவையைக் கொன்றுவிட்டது என்போரும் உண்டு. விற்பனையில் இந்த விளையாட்டு தோற்கவில்லை. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை எட்டியது. ஆகவே, பிடிக்காதவர்கள் வாங்காமல் ஒதுங்கிவிட்டார்கள் என்றும் சொல்ல இயலாது. வாங்கி ஆடியவர்களே பிளவுபட்டிருக்கிறார்கள்.

இதற்கு என்ன காரணம் என்று நீங்கள் கருதுகிறீர்கள்? துணைக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. எட்டு வயதான என் அக்கா மகள் இந்தப் படங்களில் எதையும் இன்னும் பார்த்ததில்லை. அவளிடம் முதலில் விளையாட்டைக் கொடுப்பதா, படத்தைக் காட்டுவதா?

பதில்: பழைய கேசட்

குரல்களைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் முதன்மைக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

2005-இல் வெளிவந்த முதல் ‘லெகோ ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டில் எந்தப் பாத்திரமும் ஒரு சொல்கூடப் பேசாது. முணுமுணுப்பு, பெருமூச்சு, தோள் குலுக்கல், திருதிருவென விழித்தல் ஆகியவற்றைக் கொண்டே முழுக்கதையும் சொல்லப்பட்டது. 2008-இல் வந்த ‘லெகோ இண்டியானா ஜோன்ஸ்’ விளையாட்டும் அப்படித்தான். 2012-இல் ‘லெகோ பேட்மேன் 2’ வந்தபோதுதான் பாத்திரங்கள் முழுமையாகப் பேசத் தொடங்கின. அதில் விளையாட்டுக்கென்றே எழுதப்பட்ட வசனங்களைக் குரல் நடிகர்கள் பேசினார்கள். அதே ஆண்டில் வந்த ‘லெகோ லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வேறொரு வழியைப் பிடித்தது. படங்களின் ஒலித்தடத்திலிருந்து வசனங்களை வெட்டியெடுத்து, அவற்றுக்கேற்பப் பொம்மைகளை ஆடவைத்தார்கள். ஜுராசிக் விளையாட்டு இந்த இரண்டாவது வழியில் வந்தது.

ஊமைக் கூத்தில் காலக்கணக்கு முழுவதும் அசைவூட்டக் கலைஞரின் கையில் இருக்கும். ஒரு பொம்மை எத்தனை நொடி திகைத்து நிற்க வேண்டும், எப்போது தடுக்கி விழ வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். ஆனால் 1993-இல் ஒரு நடிகர் பேசி, ஒரு படத்தொகுப்பாளர் அளந்து வெட்டிய வசனத்தை அப்படியே எடுத்து வைத்தால், அந்த அளவுக்குள்தான் எல்லாச் சிரிப்பையும் அடைக்க வேண்டியிருக்கிறது. அதனால் பல இடங்களில் முன்னால் நிற்பவர் படத்தில் பேசியதையே கருமமே கண்ணாகப் பேசிக்கொண்டிருக்க, பின்னணியில் இன்னொரு பொம்மை ஏதாவது கோமாளித்தனம் செய்துகொண்டிருக்கிறது. அந்த முரண்பாட்டையே நகைச்சுவையாகக் காண்பவர்கள் விளையாட்டைக் கொண்டாடினார்கள். வசனம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம் என்று ஒட்டாமல் நிற்பதாகக் கண்டவர்கள் சலித்துக்கொண்டார்கள். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன்.

ஒலியின் தரமும் சேர்ந்துகொண்டது. 22 ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு முறையில் பதிவான நான்கு படங்களின் குரல்கள் ஒரே விளையாட்டில் அடுத்தடுத்து வருகின்றன. மழைக்கும் கர்ஜனைக்கும் நடுவே கத்திய வசனத்தைத் தனியே பிரித்தெடுத்தால் அதன் ஓரங்கள் பிசிறடிக்கத்தான் செய்யும். அதற்கு அடுத்த கணமே, இந்தச் சக்கரத்தைத் திருப்பு என்பதுபோன்ற, விளையாட்டுக்கெனப் பதிவு செய்த தெளிவான குரல் ஒலித்தால் காது உறுத்துகிறது. அன்றைய விமர்சகர்கள் பலர் இதைக் குறையாகச் சொன்னது நியாயம்தான்.

ஒரு விலக்கு உண்டு. படத்தில் வரும் கணித அறிஞர் இயான் மால்கம் பேசும் இடங்களில் இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது, ஏனெனில் ஜெஃப் கோல்ட்ப்ளம் அந்தப் பாத்திரத்தைப் படத்திலேயே பாதிக் கேலியாகத்தான் பேசியிருந்தார். இழுத்தல், நிறுத்தல், தேவையற்ற இடத்தில் ஒரு சிரிப்பு எனப் பொம்மைக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குரலிலேயே இருக்கிறது.

ஊமைக் கூத்தின் மீதான ஏக்கம் எனக்கு மட்டும் உரியதன்று. 2022-இல் வந்த ‘லெகோ ஸ்டார் வார்ஸ்: த ஸ்கைவாக்கர் சாகா’ விளையாட்டில், பேச்சை நீக்கிவிட்டுப் பழைய முணுமுணுப்பை மட்டும் ஒலிக்கச் செய்யும் தெரிவு ஒன்றை அதே நிறுவனத்தார் சேர்த்தார்கள். விரும்புவோர் போதிய அளவில் இல்லாமல் இப்படியொரு வசதியைச் செய்து தரமாட்டார்கள்.

பதில்: வேங்கைமரம்

பழைய கேசட் சொல்வது விளையாட்டுக் கலையின் பக்கம். நான் படத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். படத்தை அவமதித்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள், ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு.

1993-ஆம் ஆண்டின் படத்தில் டி. ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர் முதன்முதலாக வேலியைத் தாண்டி வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் வில்லியம்ஸின் இசை புகழ்பெற்ற அந்தப் படத்தில், இந்த நீண்ட காட்சிக்கு மட்டும் பின்னணி இசையே கிடையாது. மழை, உலோகம், மூச்சு, கர்ஜனை ஆகியவை மட்டுமே கேட்கின்றன. தண்ணீர்க் கோப்பையில் வட்ட வட்டமாக எழும் அதிர்வைப் படக்குழுவின் மைக்கேல் லாண்டியரி, கோப்பைக்குக் கீழே ஒரு கிடார்த் தந்தியைக் கட்டி மீட்டி உண்டாக்கினார். அச்சத்தைப் படிப்படியாக ஏற்ற இவ்வளவு உழைத்த இயக்குநர், அதே காட்சியின் நடுவே என்ன வைத்தார்? குழந்தைகளைத் தவிக்க விட்டு ஓடிய வழக்கறிஞர் கழிப்பறைக்குள் ஒளிகிறார். சுவர்கள் சரிந்து விழ, பீங்கான் இருக்கையில் அமர்ந்த கோலத்தில் விலங்கின் முன்னால் அகப்படுகிறார். இது நகைச்சுவை இல்லாமல் வேறென்ன? பின்னர் வரும் ஜீப் துரத்தலில், பொருள்கள் தோன்றுவதைவிட அருகில் இருக்கலாம் என்று எழுதியுள்ள பக்கக் கண்ணாடியில் டி. ரெக்ஸின் வாய் நிறைந்து நிற்கும்போது, அரங்கில் உள்ளவர்கள் பயந்துகொண்டே சிரிக்கத்தான் வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

ஆகவே விளையாட்டு நகைச்சுவையை வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. படத்தில் அச்சமும் சிரிப்பும் ஒன்றையொன்று தூக்கிப்பிடித்து நின்றன. விளையாட்டு அச்சத்தைக் கழித்துவிட்டுச் சிரிப்பை மட்டும் பெருக்கியது. எந்தப் பாதிக்காகப் படத்தை நேசித்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் எதிர்வினை அமைகிறது. நீங்கள் கண்ட புதிர், படத்தை நேசிப்பவர்களே இரண்டு பக்கத்திலும் நிற்பது, இப்படித்தான் அவிழும் என்று நினைக்கிறேன்.

அடுத்தடுத்த படங்களுக்கு வரும்போது நிலைமை இன்னும் வேடிக்கையாகிறது. 2001-இல் வந்த மூன்றாம் படத்தில், கனவில் தோன்றும் வெலாசிராப்டர் (சுருக்கமாக ராப்டர்) என்ற டைனோசர் விமான இருக்கையிலிருந்து கதாநாயகனைப் பெயர் சொல்லி அழைக்கும் காட்சியைப் பார்வையாளர்கள் இன்றுவரை கேலிப்படங்களாக்கிப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்பைனோசரஸ் என்ற டைனோசரின் வயிற்றுக்குள் கைபேசி மணி அடிப்பதும் அதே படத்தில்தான். 2015-ஆம் ஆண்டுப் படம் வந்ததும், ராப்டர்களை நோக்கிக் கைகளை விரித்து நிற்கும், அவற்றைப் பழக்குபவரான ஓவனின் தோரணையை, விலங்குக் காட்சிசாலைப் பணியாளர்கள் தங்கள் விலங்குகளின் முன்னால் நின்று படம் எடுத்துப் பரப்பினார்கள். பூங்காவின் நிர்வாகியான கிளேர் காடு முழுவதும் குதிகால் உயர்ந்த காலணியுடன் ஓடியதைப் பற்றி எழுதப்படாத கிண்டல் இல்லை. பார்வையாளர்கள் தாங்களாகவே செய்துகொண்டிருந்த வேலையைத்தான் விளையாட்டும் செய்தது. அதற்கு உரிமம் பெற்றிருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். படங்களில் இரக்கமின்றிக் கொல்லப்பட்டவர்கள் பலர் விளையாட்டில் நாம் ஆடக்கூடிய பாத்திரங்களாக உலவுகிறார்கள். வழக்கறிஞர் ஜெனாரோ இருக்கிறார், வேட்டைக்காரர் மல்டூன் இருக்கிறார். மற்றவர்களைக் காப்பாற்றப் போய் இரண்டு டி. ரெக்ஸ்களால் கிழிக்கப்பட்ட எடி காரும் இருக்கிறார். இரண்டாம் படத்தில் எடியின் முடிவைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் போன என்னைப் போன்றவர்களுக்கு இது சிறிய ஆறுதல் இல்லை.

பதில்: நள்ளிரவு வாசகன்

வேங்கைமரத்தின் கருத்தோடு பாதி வழி வருகிறேன். அச்சத்தைக் கழித்துவிட்டார்கள் என்பது சரி. ஆனால் சிரிப்பு பெருகியது என்பதை ஏற்கத் தயங்குகிறேன். அதைச் சொல்வதற்கு முன், இந்தப் படங்களைச் சிரிக்காத முகத்தோடு விளையாட்டாக்க முயன்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நினைவூட்ட வேண்டும்.

1998-இல் கணினிக்கு வெளிவந்த ‘டிரெஸ்பாசர்’, இரண்டாம் படத்தின் நிகழ்வுகளுக்குப் பின் டைனோசர்கள் உலவும் சோர்னா தீவில் தனித்துச் சிக்கிக்கொண்ட ஆன் என்ற பெண்ணின் கதை. படத்தில் பூங்காவை உருவாக்கிய ஹாமண்டாக நடித்த ரிச்சர்ட் ஆட்டன்பரோவே இதிலும் குரல் கொடுத்தார். திரையில் எண்களோ பட்டைகளோ இருக்கக்கூடாது, எல்லாம் இயற்பியல் விதிப்படி அசைய வேண்டும், விலங்குகள் தாமாகவே சிந்தித்து நடக்க வேண்டும் என்று அதை உருவாக்கியவர்கள் வகுத்த இலக்குகள் அந்தக் காலத்துக்கு மிகப் பெரியவை. நடைமுறையில் என்ன ஆயிற்று? ஆனின் உடல்நிலையை அறிய அவள் மார்பில் பச்சை குத்தியிருந்த இதயத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். மவுஸைக் கொண்டு அவளது ஒற்றைக் கையை நீட்டி மடக்கி ஒவ்வொரு பொருளையும் எடுக்க வேண்டும். அந்தக் கையோ எலும்பே இல்லாததுபோல் முறுக்கிக்கொண்டு எங்கெங்கோ போயிற்று. டைனோசர்கள் தடுமாறிச் சரிந்தன. அன்றைய கணினிகள் மூச்சுத் திணறின. அச்சமூட்டுவதற்காகச் செய்த விளையாட்டு, ஆடியவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கும் பொருளாயிற்று; பின்னாளில் அதன் துணிச்சலை மதித்துக் கொண்டாடுவோரும் தோன்றினார்கள் என்பது வேறு கதை. 2011-இல் டெல்டேல் நிறுவனம் முதல் படத்தின் நிகழ்வுகளை ஒட்டி ஒரு கதை விளையாட்டை வெளியிட்டது. உரிய நொடியில் உரிய பொத்தானை அழுத்தினால் பிழைக்கலாம், தவறினால் இரையாகலாம் என்பதே அதன் சாரமாக இருந்தது. வரவேற்பு மந்தமாகவே இருந்தது.

இந்தப் பின்னணியில் 2015-க்கு வாருங்கள். தொடரின் ரசிகர்களுக்கு நீண்ட காலத்துக்குப் பிறகு, தான் நினைத்ததைச் செய்து முடித்த ஒரு விளையாட்டு கிடைத்தது. சிரிக்க வைக்க முயன்றது, சிரிக்க வைத்தது. பாராட்டுகளில் ஒரு பங்கு இந்த நிம்மதியிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

இனி என் தயக்கம். லெகோ விளையாட்டுகளில் உங்கள் பாத்திரம் அடிபட்டால் துண்டு துண்டாக உடைந்து, சேர்த்து வைத்த காசுகளில் சில சிதறும். அடுத்த கணமே அதே இடத்தில் முழுதாக எழுந்து நிற்கும். தோல்வி என்று எழுதி ஆட்டத்தை முடிக்கும் திரையே வராது. டி. ரெக்ஸ் துரத்தும்போதும் இதே நிலைதான். இது குழந்தைகளுக்காக அறிந்தே செய்த ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இழப்பதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் சிரிப்பும் மெலிந்துபோகிறது. படத்தில் பக்கக் கண்ணாடி வேடிக்கை அத்தனை வலுவாக விழுந்ததற்குக் காரணம், அந்த ஜீப்பில் இருந்தவர்கள் சாகக்கூடும் என்று நாம் நம்பியதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்துக்கு ஐந்து கட்டங்கள் வீதம் கதை இருபது கட்டங்களாக நீள்கிறது. பெரும்பாலான கட்டங்களில் நாம் செய்வது, பொருளை உடைப்பது, சிதறிய துண்டுகளைக் கொண்டு இன்னொன்றைக் கட்டுவது, யாருக்கு எந்தத் திறன் இருக்கிறதோ அவரை மாற்றிக்கொண்டு பூட்டைத் திறப்பது ஆகியவைதான். கதை முடிந்த பின்பும், மறைந்திருப்பவற்றைச் சேகரிக்க அதே கட்டங்களுக்குத் திரும்ப வேண்டும். முதல் மாலையில் ஆடி எழுதியவரும், எல்லாவற்றையும் நூறு விழுக்காடு முடித்துவிட்டு எழுதியவரும் ஒரே நகைச்சுவையைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினாலும், ஒருவர் அதை முதன்முறை கேட்டவர், மற்றவர் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். நீங்கள் படித்த கருத்துகளை, எழுதியவர் எவ்வளவு தூரம் ஆடியிருந்தார் என்று பார்த்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிளவின் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும் என்று பந்தயம் கட்டுவேன்.

மூன்றாம் படத்தின் கட்டங்களை மட்டும் முழுமனதோடு பாராட்டுவேன். மூலப்படமே மெலிந்த கதையோடு ஓடிக்கொண்டிருந்ததால், அதைக் கேலி செய்தபோது இழப்பு ஒன்றும் இல்லை, லாபம்தான்.

மீண்டும் கேள்வியாளர்: மாடவீதி

மூவருக்கும் நன்றி. எவ்வளவு தூரம் ஆடினார் என்று பார்த்துப் பிரிக்கும் யோசனை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. சேமித்து வைத்திருந்த கருத்துகளைப் புரட்டியபோது அது கணிசமாகப் பொருந்தவே செய்கிறது. ஆனால் சில மணி நேரம் மட்டுமே ஆடியவர்களிலும் குரல்களைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள், ஆகவே பழைய கேசட்டிடம் ஒன்று கேட்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டுப் படம் இந்தியாவில் தமிழிலும் வெளிவந்தது. நான் அதைத் தமிழ்க் குரல்களோடுதான் முதலில் பார்த்தேன். என் நினைவில் ஓவனும் கிளேரும் தமிழ் பேசுகிறார்கள். விளையாட்டில் ஒலிக்கும் ஆங்கிலக் குரல், ஆங்கிலத்தில் படம் பார்த்தவருக்கு உடனே பழைய காட்சியை எழுப்பும். எனக்கு எதையும் எழுப்பவில்லை. அப்படியானால் என்னைப் போன்றவர்களுக்கு அந்த முரண்பாட்டு நகைச்சுவை தொடங்குவதற்கே இடமில்லையா?

பதில்: பழைய கேசட்

ஏறக்குறைய அப்படித்தான். மூலக் குரலை வைத்துச் செய்யும் கேலிக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: அந்த வசனம் எந்த இடத்தில், எந்த முகத்தோடு சொல்லப்பட்டது என்பது பார்வையாளருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பொம்மையின் அசட்டு முகம் அதற்கு மேல் வந்து உட்காரும்போது சிரிப்பு வருகிறது. ஆங்கிலத்தில் இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது கைகூடுகிறது. இந்த விளையாட்டுக்குத் தமிழ்க் குரலும் இல்லை, தமிழ் எழுத்தும் இல்லை. மொழிமாற்றத்தில் பார்த்தவருக்கும் படமே பார்க்காதவருக்கும் உடல்மொழி மட்டுமே மிஞ்சுகிறது. அந்த உடல்மொழியோ குரலுக்காக ஒதுங்கி நிற்கிறது. சார்லி சாப்ளினைச் சிரித்து ரசிக்க இங்கே யாருக்கும் மொழிமாற்றம் தேவைப்படவில்லை. 2005-ஆம் ஆண்டின் லெகோ விளையாட்டும் அந்த வழியில்தான் உலகம் சுற்றியது. பேச்சைச் சேர்த்தபோது அந்தப் பொதுத்தன்மையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் நீங்கள் ஆடி முடித்தீர்களே, அதற்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும். எனக்கு அது, பூங்கா இருக்கும் நுப்ளார் தீவில் கட்டங்களுக்கு வெளியே சுற்றித் திரியும்போது ஒலிக்கும் வில்லியம்ஸின் இசை. அங்கே யாரும் பேசுவதில்லை.

பதில்: முத்துச்சிப்பி

பெரியவர்களின் வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும். அக்கா மகளைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் மகன் விளையாட்டை முதலில் ஆடிவிட்டுப் படத்தைப் பின்னர் பார்த்தவன்.

குழந்தைகள் இந்த விளையாட்டில் சிரிக்கும் இடங்கள் நாம் சிரிக்கும் இடங்கள் அல்ல. படத்தில் நோயுற்ற டிரைசெராடாப்ஸ் என்ற டைனோசரின் சாணக் குவியலைச் சோதிக்கும் ஆய்வாளர் எல்லி சாட்லர், விளையாட்டில் அப்படிப்பட்ட குவியலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து, உள்ளே புதைந்த பொருளை எடுத்துக்கொண்டு வருவார். மேலே நீங்கள் மூவரும் பேசிய குரல், காலக்கணக்கு, முரண்பாடு எதுவும் என் மகனுக்குத் தேவைப்படவில்லை. இந்த ஒன்றுக்காகவே எல்லியைத் தவிர வேறு யாரையும் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். ஹாமண்டின் பேத்தி லெக்ஸ் வீறிட்டால் கண்ணாடி நொறுங்குவதும் அவனுக்கு அப்படித்தான். ஒரு விமர்சகர் இதைத் தரக்குறைவான நகைச்சுவை என்று எழுதினால் மறுக்கமாட்டேன், ஆனால் அவர் இந்த விளையாட்டு யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை ஒருகணம் மறந்துவிட்டார் என்பேன்.

அதைவிட முக்கியமானது, குழந்தை இதில் டைனோசராகவே மாறி ஆடலாம் என்பது. தீவில் கண்டெடுக்கும் அம்பர் (இறுகிய மரப்பிசின்) கற்களைச் சேர்த்தால் புதுப்புது இனங்கள் கிடைக்கின்றன. ஆய்வகத்தில் ஒரு விலங்கின் தலையையும் இன்னொன்றின் உடலையும் பொருத்தி, விரும்பிய வண்ணம் பூசி வெளியே விடலாம். படத்தில் யாரைப் பார்த்து ஓடுகிறோமோ அவரே நாமாக இருக்கும்போது அச்சத்துக்கு இடமேது? நள்ளிரவு வாசகன் இழப்பு இல்லை என்று வருந்தினார். எட்டு வயதில் அந்த இழப்பின்மைதான் ஒரு குழந்தையை மறுபடியும் மறுபடியும் முயல வைக்கிறது.

படத்தை முதலில் காட்டுவதைப் பற்றி: 1993-ஆம் ஆண்டின் படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 தரச்சான்று, அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெற்றோருக்கு எச்சரிக்கை. விளையாட்டுக்கு அமெரிக்காவில் பத்து வயதுக்கு மேற்பட்டோர் என்றும், ஐரோப்பாவில் ஏழு வயதுக்கு மேற்பட்டோர் என்றும் சான்று தந்திருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு விளையாட்டு பாதுகாப்பான தொடக்கம் என்றே சொல்வேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் மகன் படத்தைப் பார்க்க உட்கார்ந்தபோது, வழக்கறிஞர் திரும்ப எப்போது வருவார் என்று கேட்டான். அவர் வரமாட்டார் என்று சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. சமையலறைக்குள் ராப்டர்கள் நுழையும் காட்சியில் படத்தை நிறுத்தச் சொன்னான். விளையாட்டில் சிரித்துப் பழகிய முகங்கள் என்பதால் படமும் மென்மையாக இருக்கும் என்று குழந்தை எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பை முன்கூட்டியே பேசிச் சரிசெய்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டுக்கும் இடையே ஓரிரண்டு ஆண்டு இடைவெளி விடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் சில செய்திகள். 2019 செப்டம்பரில் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் இது வந்துவிட்டது. கணினியில் ஆடுவதென்றால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள், அடிக்கடி வருகிறது. இணையம் வழியாக இருவர் சேர்ந்து ஆட முடியாது. ஒரே திரையின் முன்னால் அமர்ந்துதான் ஆட வேண்டும், இருவரும் விலகிச் சென்றால் திரை இரண்டாகப் பிரியும், நெருங்கினால் ஒன்றாகும். சிறியவர்களுக்கு அந்தப் பிரிவு முதலில் குழப்பமாக இருக்கும் என்பதால், தொடக்கத்தில் நீங்கள் அவள் பக்கத்திலேயே உங்கள் பாத்திரத்தை நடத்துங்கள். குறிப்புகளைச் சொல்லும் மிஸ்டர் டி.என்.ஏ. ஆங்கிலத்தில்தான் பேசுவார், அவற்றைத் தமிழில் சொல்லித் தரவும் நீங்கள் அருகில் இருக்க வேண்டும். சாணக் குவியல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லித் தர வேண்டியிருக்காது.